புதுவைக்குக் குடிபோவதா?

நாற்பதைக் கடந்த தமிழ் வாசகர்கள் பலருக்கும் புதுச்சேரியில் மனத்தளவில் ஒரு வீடு இருக்கிறது. தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், உள்ளே முற்றம், மாடியில் நீண்ட பிரெஞ்சு ஜன்னல்கள், நடந்துபோகும் தூரத்தில் கடல். பாரதியும் பாரதிதாசனும் நடந்த தெருக்கள் என்பது அந்த வீட்டின் மதிப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறது. எங்களுக்கும் அப்படியொரு வீடு பதினைந்து ஆண்டுகளாக இருந்து வந்தது. இவ்வாண்டு அது மனத்திலிருந்து இறங்கி ஒரு தரகரின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டபடியால், போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டிருக்கிறது. இதே எண்ணத்தில் இருக்கும் நண்பர்கள் சிலரை நாங்கள் அறிவோம். அவர்களை முன்னிறுத்தியே இதை எழுதுகிறோம்.

போகலாம் என்பதற்கான காரணங்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு ஒரு நல்ல நூலகம் வேண்டுமென்றால் பேருந்து ஏற வேண்டும். புதுவையிலோ 1827 இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1955 இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் இருக்கின்றன. வயது ஏற ஏறச் சுவடிகளைவிட முக்கியமாகிவிடும் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கிறது. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களை நடக்க விடுகிறார்கள். தமிழ்ச் சூழலில் இது சிறிய விஷயமன்று.

இவையெல்லாம் அந்த ஊரை விரும்புவதற்கான காரணங்கள். அங்கே வாழ்வதற்கான காரணங்களும் இவைதாமா என்பதில்தான் எங்களுக்கு ஐயம் எழுந்தது. விரும்புவதற்கு ஒரு சனி, ஞாயிறு போதும்.

வெளியூரிலிருந்து வந்து புதுவையைத் தங்கள் ஊராக்கிக்கொண்டவர்களை எண்ணிப் பார்ப்போம். 1908 இல் பாரதி வந்தது பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பி. அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்ததும், அதே ஆண்டில் வ.வே.சு. ஐயர் வந்ததும் ஏறக்குறைய அதே காரணத்தால்தான். வேறு கொடி பறந்த மண் என்பதே அவர்களுக்குப் புதுவை. பாரதி 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியவுடன் கடலூரில் கைது செய்யப்பட்டதிலிருந்தே அந்த எல்லைக்கு என்ன பொருள் இருந்தது என்று தெரியும். அந்தப் பத்தாண்டுகளில்தான் 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் பிறந்தன. கடல் நன்றாக இருக்கிறது என்பதற்காக அவர்களில் எவரும் வந்து தங்கவில்லை. வந்த பிறகு கடல் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கி.ரா. வந்தது வேலைக்காக. 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் வழக்காற்றியல் பணிக்கு அழைத்தது. பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒரு சம்சாரியைப் பேராசிரியராக்கிய பெருந்தன்மை வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதுவரை வாய்த்ததில்லை என்றே நினைக்கிறோம். அவர் இடைசெவலின் கரிசலை விட்டு வந்து, புதுவை வட்டாரத்துக் கதைகளைத் திரட்டி, பணி முடிந்த பிறகும் முப்பதாண்டுகள் அங்கேயே இருந்தார். இருந்தது எங்கே? பூகெய்ன்வில்லா படர்ந்த மஞ்சள் சுவர்களுக்கிடையிலன்று, லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில். 2021 மே மாதம் அவர் மறைந்தபோது உடல் இடைசெவலுக்குக் கொண்டுபோகப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கமாயிற்று. அவர் புதுவைக்காரரா இடைசெவல்காரரா என்ற கேள்விக்கு இரண்டும் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த மண்ணிலேயே பிறந்த பாரதிதாசன் கடைசிக் காலத்தில் சென்னைக்குப் போய் அங்கேயே 1964 இல் காலமானார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்களைக் கட்டியெழுப்பிய பிரபஞ்சன், புதுவைக்கே ஒரு கடந்த காலத்தை எடுத்துக் கொடுத்தவர், தம் எழுத்து வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சென்னை அறைகளில் கழித்தார். பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் எழுத்தாளனும் இருக்கிறான். அழகான ஊரில் பிறந்தவர்கள் வெளியேறுவதும், வெளியூர்க்காரர்கள் அழகுக்காக உள்ளே வருவதும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள் என்று இப்போது தோன்றுகிறது.

நிற்க. வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

தரகர் காட்டிய வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழர் பகுதியில் இருக்கிறது. ஊரைக் கறுப்பு நகரம், வெள்ளை நகரம் என்று இரண்டாகப் பிரித்த அந்த வாய்க்கால் இன்றும் விலையைப் பிரிக்கிறது. ஆனாலும் மேற்குக் கரையும் இப்போது மலிவில்லை. எங்கள் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தால் முட்டி மோதி எட்டிவிடும் என்ற நிலை. தரகர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். 'நீங்கள் ஓய்வு பெற இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது. அதுவரை விருந்தினர் விடுதியாக விட்டுவிடுங்கள். ஒரு மாத வாடகையை இரண்டு வார இறுதியில் எடுத்துவிடலாம். கடன் தானாக அடையும். எப்போதாவது உங்களுக்கு வரத் தோன்றினால் ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.' கணக்கு மிகச் சரியாக இருந்தது. அதில் பிழை கண்டுபிடிக்க நாங்கள் இருவரும் இரண்டு இரவுகள் முயன்று தோற்றோம்.

வீட்டைப் பார்க்கப் போனபோது அது காலியாக இல்லை. முன்கட்டில் ஒரு மூதாட்டியும் மகளும், பின்கட்டில் ஒரு தையற்காரர் குடும்பம், மாடியறையில் பாத்திரக் கடையில் வேலை செய்யும் இரண்டு இளைஞர்கள். ஓடு ஒழுகும் இடங்களில் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். பத்திரம் எழுதுவதற்குள் எல்லாரையும் காலி செய்து கொடுப்பது தம் பொறுப்பு என்று தரகர் அவர்கள் காதுபடவே சொன்னார். மூதாட்டி எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'நீங்க இருக்கறதுக்கு வாங்கறீங்களா, விடறதுக்கு வாங்கறீங்களா?'

இவ்வளவு சரியான கேள்வியை வங்கி மேலாளர்கூட எங்களிடம் கேட்கவில்லை.

இருப்பதற்கு வாங்குகிறவனும் அவர்களைக் காலி செய்யத்தான் போகிறான். அதில் நல்லவன், கெட்டவன் வேறுபாடு பார்ப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இருக்க வருகிறவன் அந்தத் தெருவில் பால் வாங்குவான், தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் நகராட்சிக்குப் போய்க் கத்துவான், தையற்காரரிடமே சட்டை தைக்கக் கொடுப்பான். விட வருகிறவனின் வீட்டில் வாரம் ஐந்து நாள் விளக்கு எரியாது. அப்படிப் பத்து வீடுகள் சேர்ந்தால் அந்தத் தெருவில் மளிகைக் கடை மூடிக் காபிக் கடை திறக்கும். பின்பு அந்தக் காபிக் கடையின் படத்தைப் பார்த்து எங்களைப் போன்ற இன்னும் இருவர் புறப்பட்டு வருவார்கள்.

பாரதியோடு பழகியவர்களின் நினைவுக் குறிப்புகளில் ஒரு வீட்டுக்காரர் வருகிறார். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பெயர். வாடகை கேட்க வருவார், உட்கார்ந்திருப்பார், கேளாமலே எழுந்து போவார். தமிழ் இலக்கியத்துக்குக் கொடை செய்தவர்களின் பட்டியலில் அவர் பெயரை ஏன் யாரும் சேர்ப்பதில்லை என்பது எங்களுடைய நெடுநாள் குறை. ஆனால் அவரை வெறும் நல்ல மனிதராக மட்டும் பார்த்தால் போதாது. அன்று ஓர் அறையை ஓர் இரவுக்கு விற்க முடியாது. வாடகை தராத கவிஞனைக் காலி செய்துவிட்டால் வீடு சும்மாதான் கிடக்கும். இன்று அதே செட்டியாரின் பேரனுக்குப் பாரதி இருக்கும் ஒவ்வோர் இரவும் எவ்வளவு நட்டம் என்று கைபேசியில் தெரியும். மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வீடு என்ற சொல்லின் கணக்கு மாறிவிட்டது.

திண்ணையையே எடுத்துக்கொள்வோம். வழிப்போக்கன் உட்காருவதற்காக வீட்டுக்காரன் தெருவுக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. விடுதியாக்கப்பட்ட வீடுகளில் திண்ணைக்குப் புது மெருகு, பித்தளை உருளி, அதில் மிதக்கும் பூக்கள், குறுக்கே ஒரு கயிறு. ஒரு வீட்டில், விருந்தினர் தவிர மற்றவர் அமர வேண்டாம் என்ற பலகையையும் பார்த்தோம். இடித்துவிட்ட திண்ணையைப் பார்த்தபோதுகூட எங்களுக்கு இவ்வளவு வருத்தம் வந்ததில்லை.

எங்களில் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் வாதம் இது: 'சுற்றுலா இல்லையென்றால் இந்த வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இன்டாக் அமைப்பு பட்டியலிட்ட பழைய வீடுகளில் எத்தனை இடிந்து அடுக்ககங்களாகிவிட்டன! 1870களின் மேரி கட்டடமே கவனிப்பாரின்றி 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதை மறுபடி கட்டி 2021 இல் திறந்தார்கள் என்றால் அதற்கும் பார்வையாளர் கூட்டம் ஒரு காரணம்தானே? கால்வே சுப்பராயச் செட்டியார் தெருவின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்ததால்தானே அந்தத் தெரு இன்று தெருவாக இருக்கிறது? ஒழுகும் ஓட்டைத் தையற்காரரா மாற்றுவார்?' இந்த வாதத்தில் உண்மை நிறைய இருக்கிறது. பணம் வந்தால் வீடு பிழைக்கிறது, வராவிட்டால் விழுகிறது. இரண்டிலும் குடியிருந்தவர்கள் வெளியேறுகிறார்கள் என்பதை மட்டும் அவ்வாதம் சொல்லாமல் விடுகிறது. முகப்பைக் காப்பாற்றும் திட்டங்கள் உண்டு. முகப்புக்குப் பின்னால் இருக்கும் குடித்தனத்தைக் காப்பாற்றும் திட்டம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

தமிழ் படித்தவர்கள் என்பதால் இந்த இடத்தில் திணைக்கோட்பாடு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரை என்றால் களிப்பு என்று சுற்றுலா விளம்பரம் எழுதுகிறவர் தொல்காப்பியம் படித்திருக்க வாய்ப்பில்லை. நெய்தல் பாட்டுகளில் தேர் ஏறி மாலையில் வந்து, கானலில் சில நாள் இருந்துவிட்டுப் போகிறவன் ஒருவன் எப்போதும் இருக்கிறான். போனபின் இரங்குவது ஊரில் இருப்பவள். நற்றிணையின் 45ஆம் பாட்டில் தோழி அவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறாள். நீ வளமான மூதூர்த் தேர்ச் செல்வனின் மகன், நாங்கள் மீன் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலவு நாறும், நீ எங்களோடு ஒத்துவரமாட்டாய் என்பது அவள் பேச்சின் சாரம். வகுப்பில் இதைக் குறை நயப்பு, சேட்படை என்று துறை பிரித்து நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். வைத்திக்குப்பத்தில் மீன் காயும் வெயிலில் நின்றபோது, அந்தப் பெண் சொன்னது வெறும் உத்தியாக எங்களுக்குத் தோன்றவில்லை. கடலைப் பார்த்த மனை வாங்கிக் குடியேறிய பின், மீன் காயும் வாடைக்கு எதிராக நடவடிக்கை கோரும் தேர்ச் செல்வர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உள்நாட்டுச் சாமிகளுக்கு இவ்விஷயத்தில் தெளிவு அதிகம். மாசி மகத்தன்று மயிலத்திலிருந்தும் தீவனூரிலிருந்தும் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மனை பார்ப்பதில்லை.

அப்படியானால் கடல்? அந்தக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் கறுப்புப் பாறைகள் ஏன் கிடக்கின்றன என்று கேட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு காலத்தில் மணல் இருந்தது. இந்தக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புகள் அந்த மணலை வழியிலேயே நிறுத்திவிட்டன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைந்தது. நகரத்தின் முன்னால் பாறையைக் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போயிற்று. அங்கேயும் கொட்டினார்கள். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அது போய்விட்டது. கட்டுமரம் ஏற்ற மணல் இல்லாத கடற்கரை, மீனவனுக்குக் கடற்கரையே அன்று. தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு சிறிது மணல் திரும்பியிருக்கிறது. திரும்பியது நகரத்தின் முன்னால். குப்பங்களின் முன்னால் அன்று.

2004 டிசம்பர் 26 அன்று நகரத்தைக் காத்ததில் அந்தக் கல்லரணுக்கும் பங்குண்டு என்பார்கள். சுவரில்லாத குப்பங்களும் காரைக்கால் கரையும் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் இராணுவத்தினர் வந்து மக்களை மீட்டார்கள். ரெயின்போ நகரின் பெயருக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை எண்ணிச் சிரிக்கும் மனநிலையில் அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. வார இறுதிக்கு வருகிறவர்கள் புயல் எச்சரிக்கை வந்தால் முன்பதிவை இரத்து செய்கிறார்கள். குடியிருப்பவன் அரிசியையும் மெழுகுவர்த்தியையும் வாங்கி வைக்கிறான். பாரதி 1916 கார்த்திகைப் புயலைப் பற்றிப் பாடியபோது, இரவில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாகத்தான் அமைத்தார். ஊரில் இருந்தவனுக்கே அப்படி ஒரு வடிவம் தோன்றும்.

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். 'பாண்டிச்சேரி, கடலுக்கு அருகில்' என்று விளம்பரமாகும் மனைகள் பலவும் புதுச்சேரியில் இல்லை. ஆரோவில்லின் பெரும்பகுதியே விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எல்லை தெருவுக்குத் தெரு வளைந்து செல்கிற பகுதி அது. பத்திரம் எந்தப் பதிவு அலுவலகத்தில், மனை எந்த ஊராட்சியில் என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் என்ன கட்டலாம், கட்டக் கூடாது என்பதைத் தரகரின் வாய்மொழியில் விட்டுவிட முடியாது. கரையோர நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதால், வீட்டைப் பார்க்கும்போது குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் எழுதிய பிறகு எங்களுக்கு அந்த ஊர் வேண்டாம் என்றாகிவிடவில்லை. அதுதான் சங்கடம். வீட்டை வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். நாங்கள் பின்வாங்கியதும் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பதாகத் தரகர் தொலைபேசியில் சொன்னார். மூதாட்டிக்கு எங்களால் விளைந்த நன்மை அதிகபட்சம் சில மாதங்கள்தாம். நாம் வாங்கினாலாவது அவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்திருக்கலாமே என்று எங்களில் ஒருவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவரிடம் அதற்குப் பதில் இல்லை.

போவதென்றால் வாடகைக்குப் போவது, இருப்பதற்குப் போவது, அங்கே செய்வதற்கு ஒரு வேலையோடு போவது என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம். வேலை விஷயத்தில், மாநிலமே வேறு என்பதால் தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து மாறுதல் கேட்டுப் போக வழியில்லை. எனவே முதலில் ஊதியமில்லா விடுப்பில் ஓராண்டு. சுவடிகளோடும் நாட்குறிப்போடும் செய்ய வேண்டிய ஒரு வேலை நெடுநாளாகக் காத்திருக்கிறது. முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ, திண்ணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு அறை கொண்ட ஒரு மாடி வீடு. நண்பர்கள் ஜனவரியில் தொடங்கச் சொல்கிறார்கள். வானிலை இதமாக இருக்குமாம். நாங்கள் ஐப்பசியில் தொடங்குவதாக இருக்கிறோம். கார்த்திகை மழையை அங்கே கழித்து, புத்தாண்டுக் கூட்டத்தில் தெருவைக் கடக்க முடியாமல் நின்று, மாசி மகம் பார்த்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது கோடை விடுமுறைக் கூட்டம் எந்த மீனைத் தின்கிறது என்றும் பார்த்துவிட்டு, ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் தேர் வரை இருக்க வேண்டும். வாடகைக்கு வீடு தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மாதக் கணக்கில் விடுகிறவர்கள் அருகிவிட்டார்கள் என்று இதுவரை பேசிய மூன்று பேரும் சொன்னார்கள்.